ஸ்டியரிங் சத்தம் போடுதா? பம்ப் மாற்றும் முன் இதைப் பாருங்கள்!



கறவை மாடு, தையல் மிஷின், தறி என்று கடன் வாங்கித் தொழில் செய்யும் நம் உறுப்பினர்களில் சிலர் பழைய வேன் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறோம். கிருத்திகைக்குக் கோயிலுக்கு ஆள் ஏற்றுவது, முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுக்குப் போவது, நகரி வழியாகத் திருப்பதி ட்ரிப், நடுராத்திரியில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்று அந்த வேன் ஓடினால்தான் மாதத் தவணை கட்ட முடியும். வண்டியை ஓட்டுவது வீட்டுக்காரராக இருக்கலாம், மகனாக இருக்கலாம், சிலர் நாமே கூட ஓட்டுகிறோம். யார் ஓட்டினாலும் கடன் பத்திரத்தில் இருக்கிற கையெழுத்து நம்முடையது. ஆகவே வண்டியின் நல்லது கெட்டது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குழுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "ஸ்டேரிங் திருப்பினா உய்ங்குன்னு சத்தம் வருதுக்கா. பம்ப் போயிடுச்சாம், மாத்தணுமாம். பல ஆயிரம் ஆகுமாம்." உடனே உள்கடன் கேட்டு மனு வருகிறது. சில சமயம் பம்ப் உண்மையிலேயே போயிருக்கும். ஆனால் பல சமயம் சில நூறு ரூபாய் எண்ணெயிலோ, தளர்ந்த ஒரு கிளிப்பிலோ தீர்ந்துவிடக்கூடிய கோளாறாக இருக்கும். எது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் படிப்பு வேண்டாம். அரை மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும். அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

பவர் ஸ்டியரிங் என்றால் என்ன?

ஆள் நிறைந்த வேனை நின்ற இடத்தில் திருப்புவது எவ்வளவு பலம் கேட்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்த பலத்தை மனிதனின் கைக்குப் பதிலாக என்ஜினே கொடுப்பதுதான் பவர் ஸ்டியரிங். அமெரிக்காவில் 1951-ல் கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் இது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் 1984 முதல் 2019 வரை தயாரான மாருதி ஆம்னி வேனில் இது கிடையவே கிடையாது. இன்னோவா, டவேரா, சைலோ போன்ற வண்டிகள் வந்த பிறகுதான் வாடகை வண்டிக்காரர்களிடம் இது பரவலானது. பழைய வண்டியாக அவை கைமாறி இப்போது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. என்ஜின் பக்கத்தில் சிறிய எண்ணெய் டப்பா ஒன்று இருக்கும். அதிலிருந்து எண்ணெய் ஒரு பம்ப்புக்குப் போகும். என்ஜின் ஓடும்போது பெல்ட் மூலமாக அந்தப் பம்ப்பும் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தி, தடித்த ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பெட்டிக்கு அனுப்பும். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும் பக்கத்துக்கு அந்த எண்ணெய் தள்ளிக் கொடுக்கும். பிறகு வேறொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்கே திரும்பி வரும்.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். இந்த எண்ணெய் சமையல் எண்ணெய் போலச் செலவாகும் பொருள் அல்ல. ஒரே எண்ணெய்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆகவே அது குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே அர்த்தம்.

புதிய கார்கள் பலவற்றில் எண்ணெய் இல்லாமல் மின்சார மோட்டார் மூலம் இயங்கும் ஸ்டியரிங் வந்துவிட்டது. அந்த வண்டிகளில் எண்ணெய் டப்பாவே இருக்காது. அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

சத்தம் ஏன் வருகிறது?

கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டால் மோட்டார் சத்தம் மாறுவதைக் கேட்டிருப்போம். "மோட்டார் காத்து இழுக்குது, ஆஃப் பண்ணு" என்று வீட்டுக்குள்ளிருந்தே குரல் கொடுப்போம். அந்த நேரத்தில் மோட்டார் கெட்டுப்போகவில்லை. தண்ணீருக்குப் பதில் காற்று வந்ததால் கத்துகிறது. அப்படியே ஓடவிட்டால்தான் கெட்டுப்போகும். ஸ்டியரிங் பம்ப்பும் அப்படித்தான். டப்பாவில் எண்ணெய் குறைந்தாலோ, தளர்ந்த ஹோஸ் வழியாகக் காற்று நுழைந்தாலோ பம்ப் "உய்ங்" என்று கத்தும். கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டினால் உள்ளே தேய்ந்து நிஜமாகவே போய்விடும். அப்போது மெக்கானிக் சொல்லும் பெரிய தொகையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம் பகுதியில் இந்தப் பம்ப்புக்கு வேலை அதிகம். முழு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்கோயில் பாதையில் வளைவு வளைவாகத் திருப்புகிறோம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்திலும், டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கும் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து நிறுத்த இடம் தேடுகிறோம். மெதுவாகப் போகும்போது திருப்புவதுதான் பம்ப்புக்குக் கஷ்டமான வேலை. அதோடு திருத்தணி வெயிலும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் கோடையில் நம் ஊர் பெயர் அடிக்கடி வருகிறது அல்லவா? சூட்டில் எண்ணெய் சீக்கிரம் கெடும், ரப்பர் ஹோஸ் இறுகி வெடிப்பு விடும்.

எந்தச் சத்தம், என்ன காரணம்?

தறி ஓடும் வீடுகளில் சத்தம் மாறினாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிறோம். வண்டியிலும் அப்படிக் காதைப் பழக்கலாம்.

1. திருப்பும்போது "உய்ங்" என்று கூடும் சத்தம்: எண்ணெய் குறைவு, எண்ணெயில் காற்று, அல்லது எண்ணெய் பழசாகிவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய் டப்பாதான்.

2. காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது ஃபுல் கட் அடிக்கும்போது "கீச்" சத்தம்: பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தேய்ந்து வழுக்கும்.

3. ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பிடித்தால் மட்டும் "ஸ்ஸ்" சத்தம்: இது பெரும்பாலும் சாதாரணம். அழுத்தம் அதிகமாகும்போது வால்வு திறக்கும் சத்தம். ஆனால் அப்படியே சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. எண்ணெய் கொதித்துப் பம்ப் வீணாகும்.

4. மேடு பள்ளத்தில் "டக் டக்": இதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் இணைக்கும் மூட்டுகள் தேய்ந்திருக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ட்ரிப் ஏற்காமல் நேராக ஒர்க்‌ஷாப் போங்கள்.

5. சத்தமே இல்லை, ஆனால் கனமாக இருக்கிறது: முன் டயர்களில் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும்.

கைவைக்கும் முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஓடி வந்த வண்டி என்றால் அரை மணி நேரம் ஆறட்டும்.

பெண்களாகிய நமக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. புடவை முந்தானையை இறுக்கிச் செருகுங்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். கூந்தலைக் கொண்டை போடுங்கள். வளையலைக் கழற்றுங்கள், தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போடுங்கள். ஓடும் பெல்ட்டில் துணி நுனி மாட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் இழுத்துவிடும். சில வண்டிகளில் என்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

தேவையானவை: பழைய பனியன் துணி, டார்ச் லைட், ஒரு பெரிய அட்டை, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு (கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும்), அதில் மாட்ட ஒரு சிறு ரப்பர் குழாய், சரியான எண்ணெய்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதல் படி - எண்ணெய் மட்டம். பானட்டைத் திறந்து டப்பாவைத் தேடுங்கள். மூடியில் ஸ்டியரிங் சக்கரப் படம் போட்டிருக்கும். தெரியாவிட்டால் டிரைவரைக் காட்டச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் டப்பாவும் அதே பக்கம் இருக்கலாம், மாற்றித் திறந்துவிடாதீர்கள். டப்பாவின் வெளியிலோ, மூடியில் தொங்கும் குச்சியிலோ இரண்டு கோடுகள் இருக்கும். எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சில குச்சிகளில் சூடாக இருக்கும்போது ஒரு கோடு, ஆறியிருக்கும்போது ஒரு கோடு என்று தனித்தனியாக இருக்கும். ஆறிய வண்டிக்கு ஆறிய கோட்டையே பாருங்கள்.

இரண்டாம் படி - நிறமும் மணமும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். மண் உள்ளே விழுந்தால் பம்ப்புக்கு எமன். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் நல்ல எண்ணெய் சிவப்பாக, தெளிவாக இருக்கும். கறுத்துப்போய், தீய்ந்த வாடை வந்தால் மாற்ற வேண்டிய எண்ணெய். நுரை நுரையாக இருந்தால் காற்று கலந்திருக்கிறது.

மூன்றாம் படி - ஒழுகல். இரவு வண்டியை நிறுத்தும்போது முன்பக்கத்துக்கு அடியில் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள். சிவப்புக் கறை என்றால் ஸ்டியரிங் எண்ணெய். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் என்ஜின் ஆயிலாக இருக்கலாம். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், கவலை வேண்டாம். கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலே டார்ச் அடித்து ஹோஸ்களைப் பாருங்கள். ஹோஸ் நுனியில் ஈரம், புழுதி அப்பிய பிசுக்கு, தளர்ந்த கிளிப், ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா? டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தால் எண்ணெய் வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போகலாம். அதனால் ஒழுகல் தெரியாவிட்டாலும் அந்தக் கிளிப்பை அவசியம் பாருங்கள். இறுக்கினாலே பல வண்டிகளில் சத்தம் நின்றுவிடும்.

நான்காம் படி - பெல்ட். என்ஜின் அணைந்திருக்கும்போது பெல்ட்டின் நடுப்பகுதியைக் கட்டை விரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்கலாம். தொளதொளவென்று ஆடினால் இறுக்க வேண்டும். உள்பக்கம் வெடிப்போ, கண்ணாடி போன்ற பளபளப்போ இருந்தால் புது பெல்ட் வாங்குங்கள். பல வண்டிகளில் இதே பெல்ட்தான் பேட்டரி சார்ஜுக்கும் தண்ணீர் பம்ப்புக்கும் ஓடுகிறது. அது அறுந்தால் வண்டியே நடுவழியில் நின்றுவிடும். சில டீசல் வண்டிகளில் பெல்ட் இல்லாமல் என்ஜினின் பல்சக்கரமே ஸ்டியரிங் பம்ப்பைச் சுற்றும். அப்படியானால் இந்தப் படி தேவையில்லை.

ஐந்தாம் படி - எண்ணெய் ஊற்றுவது. எந்த எண்ணெய் என்பது மூடியிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ இருக்கும். பழைய வேன்கள் பலவற்றுக்கு ஏ.டி.எஃப். டெக்ஸ்ரான் என்ற வகை. கடையில் வெறுமனே "ஸ்டேரிங் ஆயில்" என்று கேட்காமல், வண்டிப் பெயரையும் வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள். சீல் உடையாத டின்னாக வாங்குங்கள். பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டு, முழு அமைப்பும் பாழாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேல் கோட்டுக்குக் கீழேயே நிறுத்துங்கள்.

ஆறாம் படி - காற்றை வெளியேற்றுவது. என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டர் மிதிக்காமல், ஸ்டியரிங்கை இடது வலது என்று மெதுவாகப் பத்து தடவை திருப்புங்கள். கடைசி வரை போய் இடிக்க வேண்டாம். பிறகு அணைத்து, பத்து நிமிடம் விட்டு டப்பாவைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். நுரை அடங்கும் வரை இதை இரண்டு மூன்று தடவை செய்யலாம். அப்போதும் நுரை வந்தால் ஒர்க்‌ஷாப்பில் முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்திச் செய்ய வேண்டும். வீட்டில் ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

ஏழாம் படி - கறுத்த எண்ணெயை மாற்றுவது. சிரிஞ்சில் குழாயை மாட்டி டப்பாவில் இருக்கும் பழைய எண்ணெயை உறிஞ்சி எடுங்கள். அதே அளவு புது எண்ணெய் ஊற்றுங்கள். ஆறாம் படியில் சொன்னபடி திருப்புங்கள். டப்பாவுக்குள் இருப்பது மொத்த எண்ணெயில் ஒரு பகுதிதான். அதனால் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். மூன்று நான்கு தடவையில் எண்ணெய் சிவப்பாகத் தெளிந்துவிடும். பல டப்பாக்களின் அடியில் மெல்லிய வலை இருக்கும். அதில் அழுக்கு அடைத்திருந்தாலும் பம்ப் கத்தும். அப்படி இருந்தால் டப்பாவைக் கழற்றிச் சுத்தம் செய்யும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

எடுத்த பழைய எண்ணெயைக் கால்வாயிலோ கிணற்று ஓரத்திலோ கொட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் சேர்க்கும் பீப்பாயில் கொடுத்துவிடலாம். மிச்சமுள்ள புது எண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். பார்க்க ரோஸ் சிரப் போலவே இருக்கும், பிள்ளைகள் குடித்துவிடும்.

இவை நம் வேலை அல்ல

ஒரே நாளில் எண்ணெய் காலியாகிறதா? ஸ்டியரிங் நடுவில் பிடிக்கிறதா, அல்லது ஆட்டினால் சக்கரம் திரும்பாமல் வெறுமனே ஆடுகிறதா? எண்ணெய், கிளிப், பெல்ட் மூன்றும் சரியாக இருந்தும் அரைக்கிற சத்தம் நிற்கவில்லையா? உடனே நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பம்ப்பிலிருந்து போகும் தடித்த ஹோஸில் ஒழுகினால் டேப் சுற்றியோ எம்-சீல் ஒட்டியோ ஓட்டக் கூடாது. அதற்குள் இருக்கும் அழுத்தம் பஸ் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பீய்ச்சும் எண்ணெய் சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஓடும்போது திடீரென்று ஸ்டியரிங் கனமாகிவிட்டால் பதற வேண்டாம். பவர் போனாலும் ஸ்டியரிங் திரும்பும், பலம்தான் அதிகம் வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருள விடுகிற பழக்கம் சில டிரைவர்களிடம் இருக்கிறது. என்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், ஸ்டியரிங் கனக்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாக இறுகிவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். வளைவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிச்சமாகும் டீசல் ஒரு டீ காசு கூட வராது. வண்டி உரிமையாளர் என்ற முறையில் இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டியது நாம்தான்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

"நமக்கு என்ன தெரியும், அவங்க சொல்றதுதான்" என்று பேசாமல் நிற்க வேண்டாம். தைரியமாகக் கேளுங்கள்.

- எது கெட்டது என்று கையால் தொட்டுக் காட்டுங்கள்.
- முழுப் பம்ப்பும் மாற்ற வேண்டுமா, சீல் கிட் போட்டால் போதுமா?
- மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுங்கள்.
- கழற்றிய பழைய பாகத்தை எங்களிடமே கொடுங்கள்.
- பில்லும், போட்ட பாகத்துக்கு கியாரண்டியும் உண்டா?

சென்னை புதுப்பேட்டையில் பழைய பம்ப் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஓட்டிப் பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு வாங்குவது நல்லது. நாம் முன்கூட்டியே எண்ணெயும் பெல்ட்டும் பார்த்துவிட்டோம் என்று சொன்னாலே பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்களா? எண்ணெய் ஊற்றிய தேதி, அளவு, செலவு மூன்றும் எழுதினால் போதும். மாதம் ஒருமுறை ஊற்ற வேண்டி வருகிறது என்றால் ஒழுகல் இருக்கிறது என்று நோட்டே சொல்லிவிடும்.

2. வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும் நேரத்தில், பானட்டைத் திறந்து எண்ணெய் மட்டமும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாமா?

3. ரிப்பேர் செலவுக்கு உள்கடன் கேட்டு மனு வந்தால், ஒர்க்‌ஷாப் எழுதிக் கொடுத்த சீட்டையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?

4. ஆடிக் கிருத்திகை சீசனுக்கு ஒரு மாதம் முன்பு, ஊராட்சியில் உள்ள நம் உறுப்பினர்களின் வண்டிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்துப் பார்க்கச் சொன்னால் செலவு பங்கிடப்படும். யார் பொறுப்பேற்பது?

ஊக்குநர்கள் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, முடிந்தால் ஒரு வண்டியின் பானட்டைத் திறந்து டப்பாவையும் கோடுகளையும் எல்லோருக்கும் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வண்டியில் நீங்கள் கண்டுபிடித்த கோளாறையும், அதற்கு ஆன செலவையும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். மற்ற குழுக்களுக்கும் உதவும்.